வேதத்தைத் திறப்பதிலிருந்து வேலியைப் பிடுங்குவது வரை: மனந்திரும்ப ஒரு வழிகாட்டி

2004 மார்கழி 26 அன்று வந்த கடல், திருகோணமலையில் உப்புவெளிக்கு வடக்கே எங்கள் வளவின் வேலிகள் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போனது. அடுத்த பங்குனியில் வீடு திரும்பி வேலி அடைத்தபோது, தெற்குப் பக்கக் கதியால்களை ஒன்றரை அடி தள்ளி நட்டேன். பக்கத்து வளவு ஒரு விதவை மாமியுடையது. பழைய கதியால் நின்ற குழிகளை மணல் மூடியிருந்தது. ஆனாலும் அவை எங்கே இருந்தன என்பது எனக்குத் தெரியும். தள்ளி நட்டதில் அவவின் தென்னை ஒன்று என் பக்கம் வந்துவிட்டது.

அதன்பின் ஒன்பது வருடம் நான் வேதம் வாசித்தேன். வீட்டுக் கூட்டங்களில் ஜெபம் நடத்தினேன். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய லெந்து நாட்களில் உபவாசம் இருந்தேன். "உன் பிதாக்கள் நாட்டின பூர்வ எல்லைக்குறியை மாற்றாதே" என்ற நீதிமொழிகள் 22:28ஐ ஒருமுறை கூட்டத்தில் சத்தமாகவே வாசித்திருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் மற்றவர்கள் பிடித்த காணிகளைப் பற்றிப் பேசும்போதுதான் அதை வாசித்தேன். என் வேலி எனக்கு நினைவில் வரவில்லை.

வேதம் வாசிக்கிற ஒருவன் அதற்குத் தப்பி ஒளிந்துகொண்டே எத்தனை வருடம் வாழ முடியும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் போதகர் அல்ல, குருவும் அல்ல. இதே இடத்தில் சிக்கி நிற்கிற ஒருவருக்கு, வசனத்திலிருந்து வாழ்க்கைக்கு இறங்கிவரும் வழியைப் படிப்படியாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் மனந்திரும்புதல் என்ற சொல்லைப் பார்ப்போம். பழைய ஏற்பாட்டின் எபிரேயத்தில் இதற்கு "ஷூப்" என்பார்கள். போகிற வழியில் நின்று, திரும்பி, வந்த வழியே நடப்பது என்று பொருள். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் "மெட்டனோயா", மனம் மாறுவது. தமிழில் "மனந்திரும்புதல்" என்ற ஒரே சொல் மனதையும் பிடித்திருக்கிறது, திரும்பி நடக்கிற காலையும் பிடித்திருக்கிறது. வருந்துவது, அழுவது, வெட்கப்படுவது எல்லாம் இதோடு கூட வரலாம். ஆனால் கால் திரும்பவில்லை என்றால் அது மனந்திரும்புதல் அல்ல.

படி 1: சிறிய பகுதி ஒன்று, ஒரு வாரம் முழுவதும்

வருடத்துக்குள் வேதம் முழுவதையும் வாசித்து முடிக்கிற பழக்கம் நல்லதுதான். இந்த வேலைக்கு அது உதவாது. ஓடுகிற வண்டியிலிருந்து பார்ப்பவனுக்கு எல்லா வீடும் தெரியும், எந்த வீட்டுக்குள்ளும் போகமாட்டான். பத்துப் பதினைந்து வசனம் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் அதிலேயே இருங்கள். தொடங்குவதற்கு நான் சொல்வது 2 சாமுவேல் 12:1–13. அதன்பின் லூக்கா 18:9–14, சங்கீதம் 51, லூக்கா 19:1–10, சங்கீதம் 32 என்று போகலாம்.

விடியமுன் வாசியுங்கள். திருகோணமலையில் அந்த நேரத்துக்கு ஒரு தனி அமைதி உண்டு. பள்ளிவாசலின் பாங்கு, கோயில் மணி, ஆலய மணி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும், ஆட்டோச் சத்தம் இன்னும் தொடங்கியிராது. வாய்விட்டு மூன்று தரம் வாசிக்க வேண்டும். கண் தாவிப்போகிற இடத்தில் வாய் தடக்கும். அந்தத் தடக்கல்தான் நமக்குத் தேவை.

முடிந்தால் இரண்டு மொழிபெயர்ப்புகளை வைத்துக்கொள்ளுங்கள். லூக்கா 18இன் உவமையில் ஒரு பரிசேயனும் ஒரு ஆயக்காரனும், அதாவது வரி வசூலிப்பவனும், ஆலயத்தில் ஜெபிக்கிறார்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் ஆயக்காரன் "தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்கிறான். கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் "கடவுளே, பாவியாகிய என்மீது இரங்கியருளும்" என்று வரும். மனப்பாடமாகிப்போன வசனம் காதில் விழாது. வேறு சொல்லில் வந்தால் விழும். (தமிழ் வேதத்தைப் பற்றி ஒன்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். 1850இல் வெளிவந்த தமிழ் வேதத்துக்காகப் பேர்சிவல் பாதிரியாருடன் வருடக்கணக்காக உட்கார்ந்து உழைத்தவர் ஆறுமுக நாவலர். சைவத்தின் பெரும் காவலர் ஒருவரின் தமிழும் நம் வேதத்தின் வரலாற்றில் இருக்கிறது என்று அறிவது மனதைத் தாழ்த்துகிறது.)

படி 2: கோபம் வருகிற இடத்தில் நில்லுங்கள்

இதுதான் எனக்குக் கதவைத் திறந்த படி. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தாவீது ராஜா பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவிட்டான். மாதக்கணக்காக அதைப் பற்றி மூச்சு இல்லை. அப்போது நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஒரு கதை சொல்கிறார். ஒரு ஏழையிடம் ஒரே ஒரு ஆட்டுக்குட்டி. அவன் மடியில் படுத்து, மகளைப்போல வளர்ந்தது. பக்கத்திலிருந்த பணக்காரன் தன் மந்தையைத் தொடாமல் அந்தக் குட்டியைப் பிடித்து விருந்து வைக்கிறான். தாவீதுக்குக் கோபம் மூளுகிறது. அந்த மனுஷன் சாகவேண்டும், ஆட்டுக்குட்டிக்காக நாலத்தனை திருப்பிக் கொடுக்கவேண்டும் என்கிறான். அப்போதுதான் நாத்தான் சொல்கிறார்: "நீயே அந்த மனுஷன்."

தாவீதுக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. ஒரு ஆட்டுக்கு நாலு ஆடு என்பது யாத்திராகமம் 22:1. தீர்ப்பைச் சரியாகத்தான் சொன்னான். பிறனுடைய பாவத்தில் அவனுக்குப் பார்வை மிகத் தெளிவு. நமக்கும் அப்படித்தான்.

ஆகவே வாசிக்கும்போது யார்மேல் கோபம் வருகிறது என்று கவனியுங்கள். பரிசேயன் மேலா, மூத்த குமாரன் மேலா, யூதாஸ் மேலா? ஆலயத்தில் எந்தப் பிரசங்கத்தைக் கேட்டால் "இது இன்னாருக்குத்தான்" என்று மனம் சொல்கிறது? அந்த ஆளின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். அவர் செய்தது என்ன என்று ஒரே வரியில் எழுதுங்கள். பிறகு பெயரை மட்டும் வெட்டிவிட்டு, மிஞ்சிய வரியை உங்களைப் பற்றியது என்று வைத்து வாசியுங்கள். எப்போதும் பொருந்தாது. பொருந்துகிற நாளில் வயிற்றுக்குள் ஏதோ விழுகிறது மாதிரி இருக்கும். நான் எழுதிய வரி இது: "பலம் இல்லாத சனத்தின் காணியைப் பிடித்தான்." பெயரை வெட்டியதும் தென்னைமரம் கண்முன் வந்து நின்றது.

லூக்கா 18இல் பரிசேயன் பொய் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வாரத்தில் இரண்டு தரம் உபவாசித்தான். நியாயப்பிரமாணம் பாவநிவிர்த்தி நாள் ஒன்றுக்குத்தான் உபவாசம் கேட்டது. அவன் அதைவிட எவ்வளவோ கூடுதலாகச் செய்தான். தசமபாகமும் கொடுத்தான். குற்றம் அவன் செய்ததில் இல்லை, பக்கத்தில் நின்றவனை அளவுகோலாக எடுத்ததில் இருக்கிறது. இதை இயேசு யாருக்குச் சொன்னார் என்பது 9ஆம் வசனத்திலேயே இருக்கிறது: தங்களை நீதிமான்களென்று நம்பி, மற்றவர்களை அற்பமாய் எண்ணினவர்களுக்கு. தாழ்மை என்பது நம்மை நாமே திட்டிக்கொள்வது அல்ல. பக்கத்து ஆளைப் பார்த்து அளக்கிற பழக்கத்தைக் கீழே வைப்பது. தேவனுக்கு முன் தனியே நிற்கும்போது யாருக்கும் உயரம் இல்லை.

படி 3: பாவத்துக்கு அதன் சொந்தப் பெயரைச் சொல்லுங்கள்

சங்கீதம் 51இன் முதல் இரண்டு வசனங்களில் மூன்று சொற்கள் வருகின்றன: மீறுதல், அக்கிரமம், பாவம். எபிரேயத்தில் மூன்றும் வெவ்வேறு. முதலாவது கலகம், தெரிந்தே கட்டளையை மிதிப்பது. இரண்டாவது கோணல், நேராக இருந்ததை வளைத்துவிடுவது. மூன்றாவது குறி தவறுவது. தாவீது மூன்றையும் சொல்கிறான். "என் பலவீனம்" என்றோ "சூழ்நிலை அப்படி" என்றோ சொல்லவில்லை.

கொப்பியில் எழுதும்போது வினைச்சொல்லோடு எழுதுங்கள். யாருக்கு, என்ன, எப்போது, எவ்வளவு. "நான் பேராசைக்காரன்" என்று எழுதுவது சுலபம். அதில் யாருக்கும் எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. நான் எழுதியது இப்படி: ஒன்றரை அடி அகலம், அறுபது அடி நீளம், ஏறக்குறைய மூன்றில் ஒரு பேர்ச். ஒரு தென்னை. ஒன்பது வருடம்.

அதோடு இன்னொன்றையும் எழுத வேண்டியிருந்தது, அதுதான் கடினம். தனியார் காணி ஒன்றைப் பத்து வருடம் தடையில்லாமல் சொந்தக்காணிபோல ஆண்டு வந்தால் அதில் உரிமை கோரலாம் என்று 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒன்று இலங்கையில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். உள்ளுக்குள் வருடத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். இது குறி தவறுதல் அல்ல, கோணலும் அல்ல. முதலாவது சொல்.

படி 4: வந்த துக்கம் எந்தத் துக்கம் என்று பாருங்கள்

பவுல் 2 கொரிந்தியர் 7:10இல் இரண்டு துக்கத்தைப் பிரிக்கிறார். தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலை உண்டாக்கும், லௌகிக துக்கம் மரணத்தை உண்டாக்கும்.

காட்டிக்கொடுத்த யூதாசும் மறுதலித்த பேதுருவும் ஒரே இரவில் ஒரே ஆண்டவரை விட்டுப் போனார்கள். யூதாஸ் மனம் வருந்தி, குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லி, 30 வெள்ளிக்காசையும் திருப்பிக்கூடக் கொடுத்தான். பேதுரு வெளியே போய் மனங்கசந்து அழுதான், அவ்வளவுதான். ஆனால் யூதாஸ் போனது "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று சொல்கிறவர்களிடம். பிறகு தனியே போனான். பேதுரு மற்றச் சீஷரை விட்டுப் பிரியவில்லை, அதனால் உயிர்த்தெழுந்தவர் வந்தபோது அங்கே இருந்தான். குற்றவுணர்வு உங்களைத் தனிமைக்குள் தள்ளுகிறது, சாகலாம் போல இருக்கிறது என்றால், இந்தக் கொப்பியை மூடிவிட்டு இன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் போங்கள். வைத்தியரிடமும் போங்கள். அது தேவனுடைய குரல் அல்ல.

தாவீதுக்கு முன் ராஜாவாயிருந்த சவுலையும் தாவீதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சவுலும் "நான் பாவஞ்செய்தேன்" என்றான். ஜனங்களுக்குப் பயந்து செய்ததாகச் சாட்டும் சொன்னான். பிறகு, மூப்பருக்கு முன் என்னைக் கனம்பண்ணும் என்று சாமுவேல் தீர்க்கதரிசியைக் கேட்டான் (1 சாமுவேல் 15). தாவீது ஒரே வரியோடு நின்றான்: "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்." மன்னிப்புக் கேட்கும்போதே மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறோமா என்பதுதான் சோதனை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இந்தப் படிகள் எல்லாம் செய்தவனுக்கு. அடி வாங்கியவளுக்கு அல்ல. குடிகாரக் கணவனிடம் அடிபடுகிற பெண்ணுக்கும், பிள்ளையைத் தேடி வருடக்கணக்காகப் படத்தோடு தெருவில் நிற்கிற தாய்க்கும் "தாழ்மையாயிரு" என்று உபதேசிப்பது வேதத்தைத் திருப்பிப் பிடிப்பது. தாழ்மை அநியாயத்தின்முன் வாய்பொத்துவது என்றால் நாத்தான் அரண்மனைக்குள் நுழைந்திருக்கமாட்டார்.

படி 5: அறிக்கை

முதலில் தேவனிடம். 1 யோவான் 1:9 போதுமான வாக்குத்தத்தம். கத்தோலிக்கருக்குக் குருவிடம் பாவத்தை அறிக்கையிடுகிற ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள், கேட்டதை வெளியே சொல்லக் குருவுக்கு உரிமை இல்லை. மெதடிஸ்தருக்கு வருடத் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை உண்டு, ஜோன் வெஸ்லி 1755இல் தொடங்கிவைத்தது. அந்த ஆராதனையின் சொற்களை முதல்நாளே எடுத்து வாசித்து, எந்த வரியில் வாய் தயங்குகிறது என்று பாருங்கள்.

பிறகு ஒரு மனுஷரிடம். யாக்கோபு 5:16 "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்கிறது. உங்களைப் புகழாத, கதையை வெளியே கொண்டுபோகாத ஒருவரைத் தெரிவு செய்யுங்கள். நான் மனைவியிடம் சொன்னேன். "இப்பவாவது சொல்லுறீங்களே," என்றா.

படி 6: திருப்பிக் கொடுப்பது

மத்தேயு 5:23–24 காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டு எழும்பிப் போகச் சொல்கிறது. முதலில் ஒப்புரவு, பிறகு காணிக்கை. எண்ணாகமம் 5:7 இன்னும் திட்டமாகச் சொல்கிறது: செய்த பாவத்தை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, யாருக்குக் குற்றம் செய்தோமோ அவருக்கே கொடுக்க வேண்டும். லூக்கா 19இல் வரும் ஆயக்காரர் தலைவன் சகேயு அதையும் தாண்டினான், நாலத்தனை என்றான். ஆனால் லூக்கா 19இன் ஒழுங்கை மறக்காதீர்கள். சகேயு கணக்குச் சொல்லுமுன்பே இயேசு "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று சொல்லிவிட்டார். நாம் கொடுத்து அவரை வாங்குவதில்லை. அவர் வந்துவிட்டார் என்பதால் கை தானாகத் திறக்கிறது.

போகும்போது கவனிக்க வேண்டியவை. தனியே போங்கள், அவர்கள் வீட்டுக்கே போங்கள். பலகாரப் பெட்டி கொண்டுபோக வேண்டாம், அது வாயை அடைக்கும். செய்ததைச் சொல்லுங்கள், காரணம் சொல்லவேண்டாம். "ஆனால்" என்ற சொல் வாயில் வந்தால் விழுங்குங்கள். அதே மூச்சில் மன்னிப்பையும் கேட்டு அவர்களை நெருக்காதீர்கள். மன்னிப்பதா இல்லையா, எப்போது என்பது அவர்கள் கையில்.

2014 லெந்து நாளொன்றில் நான் போனேன். மாமி முற்றத்தில் ஓலை கிழித்துக்கொண்டிருந்தா.

"மாமி, சுனாமிக்குப் பிறகு வேலியை நான்தான் உங்கட பக்கம் தள்ளிப் போட்டனான். ஒன்றரை அடி. தெரிஞ்சுதான் செய்தனான்."

அவ கையை நிறுத்தவில்லை. "எனக்கு அண்டைக்கே தெரியும் தம்பி."

"ஏன் கேக்கேல்லை?"

"கேட்டால் நீ கதைக்காமல் போயிடுவாய். பக்கத்திலை வேற ஆர் இருக்கினம் எனக்கு?"

ஒன்பது தைப்பொங்கலுக்கும் அந்த வேலிக்கு மேலால் எங்களுக்குப் பொங்கல் வந்திருக்கிறது. நான் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். "விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்காமல் இருப்பீர்களாக" என்பது, தாவீது சொன்ன நாலு ஆட்டுச் சட்டம் இருக்கிற அதே யாத்திராகமம் 22.

தேங்காய்க் கணக்கை எழுதிக்கொண்டு போயிருந்தேன். வருடத்துக்கு 40 காய் என்று குறைத்துப் பிடித்தாலும் ஒன்பது வருடத்துக்கு 360, ஐந்தில் ஒன்று 72, மொத்தம் 432. அதற்குரிய காசை நீட்டினேன். அவ வாங்கவில்லை. "காசைக் கொண்டு போ. கதியாலை நான் காட்டுற இடத்திலை நடு" என்றா. கடனைத் தீர்த்து நிமிர்ந்து நடக்கலாம் என்று நினைத்துப் போன எனக்கு அது கிடைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவ தடியால் கோடு கீற, நான் அந்தக் கோட்டில் அலவாங்கு போட்டேன். கோட்டின் கடைசியில், காணி உறுதியில் இருந்ததற்கு அரை அடி உள்ளே என் பக்கம் கீறினா. நான் ஒன்றும் சொல்லவில்லை. நட்டு முடிந்தபின் சிரித்துவிட்டு, "அந்தக் கடைசி ரெண்டையும் பிடுங்கி நேராய் நடு" என்றா.

எல்லோருக்கும் இப்படி முடியாது. கதவை அடைப்பார்கள், திட்டுவார்கள். அதையும் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் குற்றம் செய்யப்பட்டவர் செத்திருப்பார், அல்லது தமிழ்நாட்டுக்கோ கனடாவுக்கோ போயிருப்பார். தேடுங்கள், தொலைபேசியில் பேசுங்கள், பிள்ளைகளிடம் கொடுங்கள். வாங்கிக்கொள்ள உறவினர் யாரும் இல்லையென்றால் அது கர்த்தருக்கு, ஆசாரியனிடம் சேரும் என்கிறது எண்ணாகமம் 5:8. சொல்வதால் மூன்றாவது ஆள் ஒருவர் உடைந்துபோவார் என்ற நிலை இருந்தால் முதலில் போதகரிடம் கேளுங்கள். குழந்தைகளுக்கு எதிரான குற்றம் போன்றவற்றில் ஜெபமும் கண்ணீரும் சட்டத்துக்குப் பதிலாகாது. பொலிசுக்குப் போவதே அங்கே திரும்புதல்.

படி 7: "நாங்கள்" என்று சொல்லப் பழகுதல்

தானியேல் 9ஐ வாசியுங்கள். தானியேல் தனிப்பட்ட முறையில் செய்யாத பாவத்தை "நாங்கள் பாவஞ்செய்து" என்று அறிக்கையிடுகிறான். நெகேமியாவும் "நானும் என் தகப்பன் வீட்டாரும்" என்கிறான்.

திருகோணமலையின் பிரட்ரிக் கோட்டைக்குள் நடந்துபோகிறபோது எனக்கு இது நினைவுக்கு வரும். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக்கொண்டு கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசலில் இரட்டைக் கயல்மீன் சின்னமும் பழைய தமிழ்க் கல்வெட்டின் துண்டும் இன்றும் இருக்கின்றன. இடித்தவர்கள் சிலுவையைச் சுமந்துவந்தவர்கள். நான் போர்த்துக்கேயன் அல்ல, என் முப்பாட்டனும் அல்ல. ஆனாலும் மற்றவரின் எல்லையைத் தள்ளி நடுவதை நானும் செய்தவன். அந்த வாசலில் நின்று "அது அவர்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மான்கள் மேய்கிற அந்தப் பாதையில் கொஞ்ச நேரம் நின்று, சுவாமி மலைக்கு ஏறிப்போகிற சனத்துக்கு வழிவிட்டு, நெகேமியாவின் ஜெபத்தைச் சொல்லிவிட்டு வருவேன். கிறிஸ்தவராகிய நாம் சைவர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் பேசும்போது இந்த நினைவு நம் குரலைக் கொஞ்சம் தணிக்கட்டும்.

தினமும்

இரவில் பத்து நிமிடம் போதும். சேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தந்த ஐந்து படிகள் அந்தச் சபையாரால் நம் ஊருக்கும் வந்தவை: நன்றி சொல்லுதல், ஒளி கேட்டல், நாளை மணி மணியாகத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்புக் கேட்டல், நாளைக்கு என்ன மாற்றுவது என்று தீர்மானித்தல். சீர்திருத்தச் சபையாரும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

சில வாரங்களில் ஒன்றுமே மேலே வராது. சங்கீதம் 139:23ஐச் சொல்லி, "தேவனே, என்னை ஆராய்ந்து" என்று கேட்டுவிட்டு வீட்டாரிடம் போங்கள். "நான் உன்னை எதில் நோகடிக்கிறேன்?" என்று மனைவியிடமோ, கணவனிடமோ, வளர்ந்த பிள்ளையிடமோ கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் அன்றைக்கு ஒன்றும் திருப்பிச் சொல்லவேண்டாம். போய்ப் படுங்கள். விடியமுன் எழும்பி, வேதத்தைத் திறக்குமுன் அந்தப் பதிலைக் கொப்பியில் அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள்.